ஊர் வளர்கிறது, களம் எங்கே?

ஓர் ஊர் வளர்ந்துவிட்டது என்று சொல்லும்போது, எதைக் கண்டு நாம் அப்படிச் சொல்கிறோம்? பேருந்து நிலையம் பெரிதாகிவிட்டது என்கிறோம். கடைவீதி நீண்டுவிட்டது, மனை விலை ஏறிவிட்டது, புதிய ஆலைகள் வந்துவிட்டன என்கிறோம். இவையெல்லாம் வளர்ச்சியின் அடையாளங்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும், இவ்வளவையும் எண்ணிச் சொல்பவரிடம், "மாலை ஐந்து மணிக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சற்றுத் திகைப்பார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்றுகூட நினைப்பார். இது கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பதும், அறம் சார்ந்த கேள்வி என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

சேலம், நாமக்கல் சமவெளியில் காவிரிக் கரையோரம் வளர்ந்த ஊர்கள் பல. மேட்டூர், குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று ஆற்றின் போக்கிலேயே அவற்றை எண்ணிக்கொண்டு போகலாம். இவற்றுள் மேட்டூரின் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. மற்றவை ஆற்றை நம்பி மெல்ல மெல்ல வளர்ந்தவை. மேட்டூரோ ஆற்றை மறித்ததால் நகரமானது. 1925-இல் அணைப் பணி தொடங்கிற்று, 1934-இல் முடிவுற்றது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கம் அழைக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்கு நீர் தேக்கினால் 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த நீர்ப்பரப்பு, தஞ்சைத் தரணியின் வயல்களுக்கு உறுதிமொழி ஆயிற்று. நீர் வந்ததும் தொழில் வந்தது. 1936-இல் இரசாயன ஆலை, 1937-இல் அணை மின்நிலையம், 1965-இல் அலுமினிய ஆலை, 1987-இல் அனல்மின் நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. சிற்றூராய் இருந்த இடம் நகரமாயிற்று.

இந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். நீர்த்தேக்கப் பகுதியிலிருந்த சிற்றூர்களின் மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு மேடான இடங்களுக்குப் பெயர்ந்தார்கள். அணையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழும் கோடைகளில், பண்ணவாடிப் பகுதியில் பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் நீருக்கு மேலே தலை காட்டுகின்றன. நாளேடுகள் படம் வெளியிடுகின்றன. மக்கள் பரிசலில் சென்று பார்த்து வருகிறார்கள். நீருக்குள் ஓர் ஊர் இருந்தது என்பதை அந்தக் கோபுரங்கள் நமக்கு நினைவூட்டுகின்றன.

ஆனால் அந்த ஊர்களில் கோயிலும் ஆலயமும் மட்டுமா இருந்தன? களங்கள் இருந்தன. அவற்றுக்கு நீருக்கு மேலே தலை காட்டக் கோபுரம் இல்லை.

தமிழில் 'களம்' என்ற சொல்லின் பொருள் வளம் எண்ணிப் பார்க்கத் தக்கது. கதிரடிக்கும் இடம் களம். போர் புரியும் இடம் களம். ஆடும் இடமும் களமே. அறுவடை முடிந்து தானியம் வீடு சேர்ந்த பின், கதிரடித்த அதே இடத்தில்தான் பிள்ளைகள் சடுகுடு ஆடினார்கள், கிட்டிப்புள் அடித்தார்கள், இளைஞர்கள் சிலம்பம் சுற்றினார்கள். களத்தில் வேலை நடக்கும் நாள்களில் ஆற்று மணல் இருந்தது. சித்திரை, வைகாசியில் காவிரி ஒடுங்கி ஓர் ஓரமாய் ஓட, மீதமெல்லாம் மணல்வெளியாய்க் கிடக்கும். விழுந்தாலும் அடிபடாத அத்தகைய ஆடுகளத்தை எந்த நகராட்சியாலும் அமைத்துத் தர முடியாது. விளையாட்டுக்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணமே அன்று எவருக்கும் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசவும் வேண்டாம். அந்தக் களத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கால் வைக்க முடிந்ததா? பருவம் எய்திய பெண்ணுக்கு அங்கே இடம் இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை நாம் அறிந்ததே. ஆயினும் ஒன்று உண்மை. அன்று வெற்றிடம் தானாகக் கிடைத்தது. இன்று அப்படிக் கிடைப்பதில்லை. நெற்களம் மனைப்பிரிவாகிவிட்டது. மணல் லாரிகளில் ஏறிப் போய்விட்டது; அள்ளிய இடத்தில் பள்ளங்கள் எஞ்சின. குளிக்கப் போன பிள்ளைகள் அப்பள்ளங்களில் சிக்கி உயிரிழந்த செய்திகளைக் கோடைதோறும் படிக்கிறோம். இயற்கை இலவசமாய்த் தந்ததை ஊரின் வளர்ச்சி எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவர் திருப்பித் தர வேண்டும் என்பது அறத்தின் எளிய விதி. அப்படியானால், வளர்ந்த ஊர் தன் பிள்ளைகளுக்கு ஓர் ஆடுகளம் கடன்பட்டிருக்கிறது அல்லவா?

இங்கே ஒரு மறுப்பு எழும். அது அற்பமான மறுப்பன்று. "குடியிருக்க வீடில்லாதவர் இருக்கும் ஊரில், மருத்துவமனையில் படுக்கை போதாத ஊரில், சில ஏக்கர் நிலத்தை வெறுமனே போட்டு வைப்பது எப்படி நியாயம்? பசித்தவனுக்கு முதலில் சோறு, பந்து பிறகு பார்க்கலாம்" என்பார்கள். ஏழையின் பெயரால் எழும் இந்த வாதத்துக்கு மதிப்பளித்தே விடை காண வேண்டும்.

நம் மரபில் இதற்கு ஒரு விடை உண்டு. புனித தாமஸ் அக்குவினாஸ் விளையாட்டைப் பற்றித் தம் இறையியல் தொகுப்பில் எழுதியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்கு வியப்பாயிருக்கும். அங்கே அவர் பழைய துறவிகளின் நூலிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை யோவான் அழைத்து, அம்பு எய்யச் சொன்னார். அவர் பலமுறை எய்தார். "இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்டார். "முடியாது, வில் முறிந்துவிடும்" என்றார் அவர். மனித மனமும் அப்படித்தான் என்று யோவான் விளக்கினாராம். உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போலவே உள்ளத்துக்கும் ஓய்வு தேவை; அந்த ஓய்வு இன்பமான ஆட்டத்தில் கிடைக்கிறது என்பது அக்குவினாஸ் கண்ட முடிவு. அவர் அத்தோடு நிற்கவில்லை. அளவுமீறிய ஆட்டம் குற்றமாவது போலவே, தானும் மகிழாமல் பிறரையும் மகிழவிடாமல் இருப்பதும் ஒரு குற்றமே என்கிறார்.

இக்கருத்தை நம் ஊர்களோடு பொருத்திப் பார்ப்போம். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. அந்தத் தறிகளை நம்பி வாழும் குடும்பங்களின் வாழ்வு, நாண் இறக்கப்படாத வில்லைப் போன்றது. வசதியுள்ளவர் தம் பிள்ளையைக் கட்டணம் செலுத்தி நீச்சல் குளத்துக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் அனுப்பிவிடுவார். வீட்டு முற்றமும் இல்லாத, கட்டணத்துக்கு வழியும் இல்லாத குடும்பத்தின் பிள்ளைக்குத் தெருவும் பொதுமைதானமும் தவிர வேறு கதி ஏது? ஆகவே ஆடுகளத்தை ஏழையின் பெயரால் மறுப்பவர், ஏழைக்கு உரியதையே மறுக்கிறார். செல்வருக்குத்தான் பொதுமைதானம் தேவையில்லை.

இறைவாக்கினர் செக்கரியா, மீட்கப்பட்ட எருசலேமைக் காட்சியாகக் காணும்போது முதியோர் கைத்தடியோடு தெருக்களில் அமர்ந்திருப்பதையும், சிறுவரும் சிறுமியரும் நகரின் தெருக்கள் நிறைய விளையாடுவதையும் காண்கிறார். ஒரு நகரம் நலமடைந்ததற்கு அவர் கண்ட அடையாளம் அதுவே. சிறுவரோடு சிறுமியரையும் அவர் சேர்த்தே கண்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தொழில் நகரத்தைத் திட்டமிடும்போதே களத்தை நினைத்தவர்களும் உண்டு. 1902-இல் சம்சேட்ஜி டாடா தம் மகன் தோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். எஃகு ஆலை அன்று கனவாகவே இருந்தது. அதற்கான இடம்கூட முடிவாகவில்லை. ஆயினும், அமையப்போகும் ஊரில் அகலமான சாலைகளும் நிழல்மரங்களும் தோட்டங்களும் இருக்க வேண்டும், கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பரந்த இடம் ஒதுக்க வேண்டும், கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் இடம் விட வேண்டும் என்று அவர் எழுதினார். 1904-இல் அவர் மறைந்தார். பின்னர்ச் சுவர்ணரேகா, கர்க்காய் ஆறுகள் கூடுமிடத்தில் எழுந்த ஊருக்கு 1919-இல் சம்சேட்பூர் என்று பெயரிட்டார்கள். 1987-இல் கால்பந்துப் பயிற்சிக் கழகமும், 1996-இல் வில்வித்தைப் பயிற்சிக் கழகமும் அங்கே அமைந்தன. வழிபாட்டிடத்தையும் விளையாட்டிடத்தையும் ஒரே கடிதத்தில், ஒரே மூச்சில் அவர் நினைத்தது சிந்திக்கத் தக்கது. இரண்டுமே விற்பனைக்கு அப்பாற்பட்ட இடங்கள் என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

இருப்பினும், ஒரு முதலாளியின் பெருந்தன்மையை நம்பி ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டம் இருக்கலாமா என்ற ஐயமும் எழுகிறது. ஆலை தழைக்கும் வரை அது தந்த மைதானமும் தழைக்கும். ஆலைக்கே தாழ்வு வந்தால்? மேட்டூரின் அலுமினிய உருக்காலை 2008-இல் நின்றது. பல குடும்பங்களின் வாழ்வு மாறிற்று. தொழிலை நம்பி வளர்ந்த ஊர், ஊதியத்துக்கு மட்டுமன்றிப் பொதுவாழ்வுக்கும் தொழிலையே நம்பியிருந்தால், ஒரு நாள் இரண்டையும் சேர்த்து இழக்க நேரும். சலுகையாய் வந்த இடம் சலுகை தந்தவரோடு போகும். உரிமையாய் வந்த இடம் ஊரோடு நிற்கும்.

உரிமையாக்குவதற்குச் சட்டமும் வழி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் நீங்கலாக எஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உரிய திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அதைவிடச் சிறிய மனைப்பிரிவுகளில், 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு, இடத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகச் செலுத்தவும் விதி இடம் தருகிறது. நடைமுறையில் இது வசதியான ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் இடத்துக்குப் பணம் ஈடாகுமா? பத்துச் சிறு மனைப்பிரிவுகள் அடுத்தடுத்து எழுந்து, பத்தும் பணம் செலுத்திவிட்டால், அரசின் கணக்கில் தொகை ஏறும்; அந்தப் பகுதியில் பந்து உருள ஓர் அடி இடமும் இராது. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரட்டலாம். கட்டடம் எழுந்துவிட்ட நிலத்தைத் திரும்ப வெற்றிடமாக்குவது ஏறக்குறைய இயலாத செயல்.

மருத்துவமனையா, பூங்காவா என்ற கேள்வியும் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு வழங்கினார்கள். அப்பகுதி மக்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 1991-இல் வந்த தீர்ப்பு மக்களுக்குச் சார்பாக அமைந்தது. பொதுமக்களின் பயன்பாட்டுக்கென்று விடப்பட்ட திறந்தவெளியை, வேறொரு நல்ல நோக்கத்தைக் காட்டித் தனியாருக்கு மாற்றிவிட முடியாது என்பது அதன் சாரம். மருத்துவமனை தேவைதான்; அதற்கு வேறு இடம் தேட வேண்டும். நல்லதொன்றைக் காட்டி இன்னொரு நல்லதை விழுங்குவது நம் காலத்தின் நுட்பமான தவறுகளுள் ஒன்று.

இனி நம் சமவெளியின் விளையாட்டு வீரர்களைப் பற்றி ஒரு சொல். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராசன், எளிய கூலித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிப் பழகியவர். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணிக்காக முதன்முதலாகப் பந்து வீசினார். 2021 சனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டியிலும் ஆடினார். அதே மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்தவர். காய்கறி விற்றுப் பிழைத்த தாயின் மகன். 2016-இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார்.

இவர்களைக் காட்டி, "பார்த்தீர்களா? திறமை இருந்தால் மைதானம் இல்லாமலே முன்னுக்கு வரலாம்" என்று பேசுபவர் உண்டு. இது தவறான பாடம். ஒருவர் முள்வேலியைத் தாண்டி வந்துவிட்டார் என்பதால் வேலி நல்லது என்று ஆகிவிடுமா? வேலிக்கு அப்பால் நின்றுவிட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவே வேறுபாடு. புகழ் பெற்ற பின் நடராசன் செய்தது என்ன? தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது. மைதானம் தேவையில்லை என்று வாதிடுபவருக்கு, மைதானம் இல்லாமல் வளர்ந்தவரே தந்த மறுமொழி அது. அதே வேளையில், வென்று வந்த ஒரு மகனின் நன்றியுணர்வு ஊரின் கடமைக்கு ஈடாகிவிடாது என்பதையும் நாம் மறக்கலாகாது.

பதக்கம் பெறுவதற்காகத்தான் பிள்ளைகள் ஆட வேண்டும் என்பதும் இல்லை. பதக்கத்தை அளவுகோலாக்கினால் தோற்பவருக்கு ஆடும் உரிமை போய்விடும். நம் கபடியைப் பாருங்கள். ஆட்டமிழந்தவர் கோட்டுக்கு வெளியே போய் அமர்கிறார். ஆனால் அவர் கதை முடிந்துவிடவில்லை. தம் அணியினர் எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால், அவர் மீண்டும் களத்துக்குள் வருகிறார். ஒருவரின் முயற்சியால் இன்னொருவர் உயிர் பெறும் விதியைப் பள்ளிக்கூடம் அறியாத நம் முன்னோர் ஆட்டத்தில் வைத்திருந்தார்கள். இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை தேர்வுக்குப் பின் மறந்துவிடலாம். மண்ணில் விழுந்து எழுந்து கற்ற பிள்ளை மறப்பதில்லை. சாதியாலும் தெருவாலும் பிரிந்து கிடக்கும் நம் ஊர்களில், ஒரே அணியில் ஆடிப் பழகியவர்கள் நாளை ஒருவரை ஒருவர் எளிதில் பகைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்ப இடமுண்டு.

இதுவரை ஊரையும் அரசையும் பற்றிப் பேசினோம். நம்மைப் பற்றியும் பேச வேண்டாமா? சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானபோது, மேட்டூர் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்திலும் அதன் பின்னும், பல ஊர்களில் ஆலயத்தையும் பள்ளியையும் சுற்றி விசாலமான நிலம் கிடைத்தது. ஊர் வளர வளர, நகரின் நடுவே இன்னும் வெற்றிடமாய் எஞ்சியிருக்கும் நிலம் சில இடங்களில் நம்முடையதாகவே இருக்கிறது. அங்கேதான் நம் சோதனையும் இருக்கிறது. சாலையோரப் பகுதியில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் பங்குக்கு நிலையான வருவாய் வரும் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. திருமண மண்டபம் கட்டலாம் என்ற யோசனை வருகிறது. வாகனங்கள் நிறுத்த இடம் வேண்டும் என்ற கோரிக்கையும் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. வருவாய் நற்பணிக்கே செலவாகும் என்பதும் பெரும்பாலும் உண்மையே. ஆனால் ஆண்டுக்கு ஒரு தக்க காரணம் வந்தால், பத்தாண்டில் களம் மறைந்துவிடும்.

இருக்கும் மைதானமும் யாருக்குத் திறந்திருக்கிறது? பள்ளி மணி அடித்து மாணவர் வெளியேறியதும் வாயிற்கதவு பூட்டப்படுகிறது. அதே தெருவில் குடியிருக்கும், அப்பள்ளியில் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளை கம்பிகளுக்கு வெளியே நின்று பார்க்கிறான். பொருள்கள் களவு போகும், கண்ணாடி உடையும், கண்டவரும் உள்ளே வருவார்கள் என்ற அச்சம் பொய்யன்று. பொறுப்பில் இருப்பவருக்கு அந்தக் கவலை இயல்பே. ஆனால் அந்தக் கவலைக்குப் பூட்டு ஒன்றுதானா மருந்து? மாலையில் இரண்டு மணி நேரம் பொறுப்பேற்று நிற்கப் பங்கின் இளைஞர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் முன்வர மாட்டார்களா? வாரத்தில் இரண்டு நாள்களேனும் பெண்பிள்ளைகளுக்கென்று களத்தை ஒதுக்கி, தாய்மார்கள் உடன் அமர்ந்திருந்தால், பதின்மூன்று வயதோடு ஆட்டத்தை விட்டுவிடும் சிறுமிகள் இன்னும் சில ஆண்டுகள் ஆட மாட்டார்களா? இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. கொஞ்சம் நேரமும் கொஞ்சம் பொறுமையும் தேவை. பொதுநிலையினராகிய நாம் இவ்விரண்டையும் தர முடியும்.

வெற்றிடத்தை வெற்றிடமாகவே காப்பது கடினமான அறம். கட்டடம் எழுப்பியவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படும். கட்டாமல் விட்டவரின் பெயரை யாரும் பொறிப்பதில்லை. இன்னும் பிறவாத பிள்ளைகளுக்காக ஓரிடத்தை விட்டு வைப்பவர், அவர்களிடமிருந்து நன்றியையும் எதிர்பார்க்க முடியாது. ஆயினும் மேட்டூரில் நீருக்கு வழிவிட்டுப் பெயர்ந்த மக்களும், தாங்கள் காணாத வயல்களுக்காகவும் தாங்கள் அறியாத மனிதருக்காகவும்தான் தங்கள் களங்களை இழந்தார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்ததன் பயனை இன்று உண்பவர் நாம். அவர்கள் இழந்ததில் ஒரு சிறு பகுதியையாவது அடுத்த தலைமுறைக்கு மீட்டுத் தருவது நம்மால் ஆகாத செயலன்று.

அடுத்த முறை நம் பங்குப் பேரவையோ நகர்மன்றமோ ஒரு வெற்றிடத்தைப் பற்றிப் பேச அமரும்போது, அங்கே என்ன கட்டலாம் என்ற கேள்விக்கு முன், அங்கே இப்போது யார் விளையாடுகிறார்கள் என்று ஒருவராவது எழுந்து கேட்கட்டும்.